கூப்பிடு தூரத்தில் இருப்பவரெல்லாம் உறவினரா?



பெற்றோர் தின விழாவுக்காக நமது பள்ளி மண்டபத்தில் ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. ஆறாம் ஆண்டு மாணவிகள் கும்மியடிக்க வட்டமாக நின்றனர். கும்மிப் பாட்டு ஆசிரியையின் கைத்தொலைபேசியில் பதிவாகியிருந்தது. மேடையோரத்தில் கம்பியில்லாப் புளூடூத் ஒலிபெருக்கி ஒன்று வைக்கப்பட்டிருந்தது. ஆசிரியை பொத்தானை அழுத்தினார். ஒலிபெருக்கியிலிருந்து கும்மிப் பாட்டு வரவில்லை. மண்டபமே அதிரும்படி ஒரு திரைப்படப் பாடல் வந்தது. மாணவிகள் வாய்விட்டுச் சிரித்தனர். ஆசிரியை திகைத்து நின்றார்.

விசாரித்தபோது விவரம் தெரிந்தது. வேலிக்கு வெளியே, தம்பியை அழைத்துச் செல்வதற்காக மோட்டார் சைக்கிளுடன் காத்திருந்த இளைஞர் ஒருவர் தம் கைத்தொலைபேசியில் பாட்டுக் கேட்க முற்பட்டிருக்கிறார். அந்த ஒலிபெருக்கியைச் சில வாரங்களுக்கு முன் தோட்டத்துப் பந்து விளையாட்டுக்கு இரவல் கொடுத்திருந்தோம். அப்போது அதை அவருடைய கைத்தொலைபேசியுடன் இணைத்திருக்கிறார்கள். விசையைப் போட்டதும் ஒலிபெருக்கி பழைய நண்பரைக் கண்டுகொண்டு அவரிடமே போய்ச் சேர்ந்துவிட்டது. அவர் மீது குற்றமில்லை. இரவல் கொடுத்த பொருளைத் திரும்பப் பெற்றுக்கொண்ட நாம், அதன் நினைவில் பதிந்திருந்த உறவை நீக்க மறந்துவிட்டோம்.

அன்று அது சிரிப்போடு முடிந்தது. ஆனால், வீடு திரும்பிய பிறகும் ஒரு கேள்வி நம்மை விடவில்லை. ஒலிபெருக்கிக்குள் பாட்டுத்தான் இருக்கிறது. நம் பெற்றோரின் கைத்தொலைபேசிக்குள் என்னென்ன இருக்கின்றன? சம்பளம் வந்து சேரும் வங்கிக் கணக்கு, உறவினரின் எண்கள், குடும்பப் படங்கள், மருத்துவமனைச் செய்திகள், பிள்ளைகளின் பள்ளி விவரங்கள் ஆகிய யாவும் உள்ளங்கை அளவுள்ள அந்தப் பெட்டிக்குள் அடங்கியுள்ளன. அந்தப் பெட்டி தவறான ஒருவருக்குக் கை கொடுத்துவிட்டால் என்ன ஆகும்? இக்கேள்விக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கம்பி போன பிறகு

முன்பெல்லாம் ஒரு கருவியை இன்னொரு கருவியோடு சேர்க்க வேண்டுமானால் கம்பி வேண்டும். பாட்டுப் பெட்டியிலிருந்து புறப்படும் கம்பி எந்த ஒலிபெருக்கியில் போய் முடிகிறது என்பதைக் கண்ணால் காணலாம். ஐயம் வந்தால் கையால் தடவிப் பார்க்கலாம். மறுமுனையில் இருப்பது நம்முடையதுதானா என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை.

இன்று கம்பியின் இடத்தை வானொலி அலை பிடித்துக்கொண்டது. அலைக்கு நுனி இல்லை; முகமும் இல்லை. விளக்கொளி அறையெங்கும் பரவுவதுபோல் அது எல்லாத் திசைகளிலும் பரவுகிறது; பலகைச் சுவரையும் ஊடுருவிச் செல்கிறது. தன்னைக் கேட்கும் கருவி யாருடையது என்று அது பார்ப்பதில்லை.

தோட்டத்து மூத்தவர்கள் பெரட்டுக் களத்தை மறந்திருக்க மாட்டார்கள். விடியுமுன், முகம் தெரியாத இருளில், கிராணியார் பெயர் கூப்பிடுவார். இருளிலிருந்து ஒரு குரல் பதில் சொல்லும். குரலைக் கொண்டுதான் ஆளை அறிய வேண்டும். வராதவனுக்காக வேறொருவன் குரல் கொடுத்தால், பல்லாண்டு பழகிய கிராணியார் கண்டுபிடித்துவிடுவார். நேற்று வந்தவர் ஏமாந்துபோவார். முதன்முதலாக ஒன்றையொன்று சந்திக்கும் கம்பியில்லாக் கருவிகளின் நிலை, நேற்று வந்த கிராணியாரின் நிலையே எனலாம்.

அருகிலுள்ள கருவிகளைக் கம்பியின்றிச் சேர்க்கும் முறைகளுள் இன்று நாம் அதிகம் பயன்படுத்துவது புளூடூத் ஆகும். இச்சொல்லுக்கு ‘நீலப் பல்’ என்று பொருள். பத்தாம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்ட ஹரால்டு என்னும் அரசரின் பட்டப் பெயர் அது. சுவீடன் நாட்டு எரிக்சன் நிறுவனத்தார் 1994-ஆம் ஆண்டில் இத்துறை ஆய்வைத் தொடங்கினர். 1997-இல் இன்டெல் நிறுவனப் பொறியாளரான ஜிம் கார்டாக், பிரிந்து கிடந்த மக்களை ஒன்றுசேர்த்த அரசரின் பெயரை, பிரிந்து கிடந்த கருவிகளை ஒன்றுசேர்க்கும் முறைக்குச் சூட்டலாம் என்று கூறினார். 1998-இல் எரிக்சன், நோக்கியா, இன்டெல், ஐ.பி.எம்., தோஷிபா ஆகிய ஐந்து நிறுவனங்கள் கூடி இதற்கென ஓர் அமைப்பை ஏற்படுத்தின. கைத்தொலைபேசித் திரையில் நாம் காணும் புளூடூத் சின்னம், அவ்வரசரின் பெயருக்கும் பட்டத்திற்கும் உரிய முதலெழுத்துகள் இரண்டையும் பழைய வட ஐரோப்பிய எழுத்தில் எழுதி ஒன்றாகப் பிணைத்ததாகும்.

இதன் அலை 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியைச் சேர்ந்தது. அதாவது வினாடிக்கு ஏறத்தாழ 240 கோடித் தடவை அதிர்வது. வைஃபையும் நுண்ணலை அடுப்பும்கூட இதே பகுதியில்தான் வேலை செய்கின்றன. இந்நெரிசலில் மோதிக்கொள்ளாதிருக்கும் பொருட்டு, தொடக்க காலப் புளூடூத் முறை தன் அலைப்பகுதியை 79 தடங்களாகப் பிரித்துக்கொண்டு, வினாடிக்கு 1,600 தடவை தடத்திற்குத் தடம் தாவும்படி அமைக்கப்பட்டது. பாண்டியாட்டத்தில் கட்டத்துக்குக் கட்டம் நொண்டியடித்துத் தாவுகிறீர்கள் அல்லவா? அவ்வாறே இரு கருவிகளும் ஒரே தாளத்தில் சேர்ந்து தாவுகின்றன. இத்தாவல் இடையூற்றைத் தவிர்ப்பதற்காக ஏற்பட்டது. திருடரைத் தடுப்பதற்காக ஏற்பட்டதன்று.

சிறு கருவிகளின் புளூடூத் பொதுவாகப் 10 மீட்டர் தொலைவு எட்டும் என்பர். அதனால் அதற்கு அப்பால் இருப்பவர் ஒன்றும் செய்ய இயலாது என்று நம்பிவிடக் கூடாது. 2004-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் சிலர், ஒரே திசையை நோக்கும் ஆண்டெனாவைத் துப்பாக்கி போன்ற சட்டத்தில் பொருத்தி, ஒரு மைலுக்கும் அப்பால் இருந்த கைத்தொலைபேசியை எட்டிக் காட்டினர். நமக்குக் கூப்பிடு தூரமாகத் தோன்றுவது, நல்ல காது உடையவனுக்குக் கேட்கும் தூரமன்று.

வாத்துக் குஞ்சு கற்பிக்கும் பாடம்

முட்டையிலிருந்து வெளிவரும் வாத்துக் குஞ்சு, தான் முதன்முதலாகக் காணும் அசையும் பொருளையே தாயென்று எண்ணி அதன் பின்னால் ஓடும். ஆஸ்திரிய நாட்டு அறிஞர் கான்ராடு லாரன்ஸ் இதனைக் காட்டு வாத்தினத்திடம் விரிவாக ஆராய்ந்தார். பொறிக்கப்பட்டவுடன் அவரையே கண்ட குஞ்சுகள் அவரைத் தாயாகக் கொண்டு அணிவகுத்துப் பின்தொடர்ந்தன. விலங்குகளின் நடத்தை பற்றிய ஆய்வுக்காக 1973-இல் அவருக்கும் வேறு இருவருக்கும் நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

இவ்வுண்மையை 1999-ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிராங்க் ஸ்டஜானோ, ராஸ் ஆண்டர்சன் என்னும் இருவர் கம்பியில்லாக் கருவிகளுக்குப் பொருத்திக் காட்டினர். புதிய கருவி ஒன்று, தனக்கு முதன்முதலாக இரகசியச் சாவியைக் கொடுப்பவரையே தாயாக ஏற்க வேண்டும். அதன் பிறகு வேறு யார் அழைத்தாலும் போகக் கூடாது. தாயே விரும்பினால் மட்டும் அது பழைய நினைவை இழந்து மீண்டும் குஞ்சாகப் பிறக்கலாம். இதற்கு அவர்கள் ‘உயிர்த்தெழும் வாத்துக் குஞ்சு’ என்று பெயரிட்டனர். அந்த முதற்சாவியை அலை வழியே அனுப்பாமல், கருவியோடு கருவியைத் தொடவைத்துக் கொடுப்பதே தெளிவானது என்றும் அவர்கள் கருதினர். தொட்டவர் யார் என்பது கண்ணுக்குத் தெரியுமல்லவா?

நமது ஒலிபெருக்கிக்கு நேர்ந்தது இப்போது விளங்கும். அது விளையாட்டுத் திடலில் வேறொருவரைத் தாயாக ஏற்றது. அதை மீண்டும் குஞ்சாக்காமல் நாம் பள்ளிக்குக் கொண்டுவந்துவிட்டோம்.

இரு கருவிகள் ஒன்றையொன்று முதன்முதலாக ஏற்றுக்கொள்ளும் செயலே ‘இணைசேர்த்தல்’ எனப்படும். அப்போது இரண்டும் ஒரு பொதுச் சாவியை உண்டாக்கித் தத்தம் நினைவில் வைத்துக்கொள்கின்றன. பின்னர் பேசுவதையெல்லாம் அச்சாவியினால் பூட்டி அனுப்புகின்றன. ஆகவே இணைசேரும் அந்தச் சில வினாடிகளே எல்லாவற்றிற்கும் அடித்தளமாகும். அடித்தளம் கோணினால் கட்டடம் முழுவதும் கோணும்.

நான்கு சுழியப் பூட்டு

தொடக்க காலப் புளூடூத்தில் இணைசேர்ப்பதற்கு இரண்டு கருவிகளிலும் ஒரே இரகசிய எண்ணைக் கொடுக்க வேண்டியிருந்தது. பெரும்பாலோர் நான்கு இலக்கங்களையே பயன்படுத்தினர். எண்பலகை இல்லாத கருவிகளிலோ 0000 அல்லது 1234 என்ற எண் தொழிற்சாலையிலேயே பதிக்கப்பட்டு வந்தது. ஊரிலுள்ள வீடுகளுக்கெல்லாம் ஒரே சாவியைக் கொடுத்தது போன்ற செயல் இது.

0000 முதல் 9999 வரை எத்தனை எண்கள் உள்ளன? மாணவர்கள் உடனே 10,000 என்று கூறிவிடுவீர்கள். மனிதன் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் சலித்துப்போவான், கணினி சலிப்பதில்லை. 2005-ஆம் ஆண்டில் டெல் அவிவ் பல்கலைக்கழக ஆய்வாளர் இருவர், இணைசேரும்போது பரிமாறப்படும் செய்திகளை ஒருவன் ஒளிந்திருந்து பதிவு செய்துகொண்டால், அந்த நான்கிலக்க எண்ணைப் பழைய பென்டியம் 3 கணினி ஒன்று 0.3 வினாடிக்கும் குறைந்த நேரத்தில் கண்டுபிடித்துவிடும் என்று நிறுவினர். கண்ணிமைக்கும் நேரத்தில் பூட்டு திறந்துவிட்டது.

எண்ணை நீளமாக்கினால் போதுமா என்று கேட்கலாம். வீட்டு வைஃபைப் பெட்டிகளில் நேர்ந்த ஒரு நிகழ்ச்சி இதற்கு விடை தரும். வைஃபைப் பெட்டியுடன் புதிய கருவிகளை எளிதில் சேர்க்கும் பொருட்டு எட்டிலக்க எண் ஒன்றைக் கொடுக்கும் முறை ஏற்பட்டது. எட்டிலக்கம் என்றால் பத்துக் கோடி எண்கள். ஆயினும் அப்பெட்டி, முதல் நான்கு இலக்கங்கள் சரியா தவறா என்பதைத் தனியாகச் சொல்லிவிட்டது. பிற்பகுதியில் கடைசி இலக்கம் மற்ற ஏழிலிருந்து கணக்கிடப்படும் சரிபார்ப்பு இலக்கம். எனவே அங்குத் தேட வேண்டியவை மூன்று இலக்கங்களே. 10,000-ஐயும் 1,000-ஐயும் கூட்டுங்கள். வெறும் 11,000 முயற்சிகள்! இக்குறையை 2011-ஆம் ஆண்டு இறுதியில் ஆஸ்திரிய இளைஞர் ஸ்டெபான் பீபொக் வெளிப்படுத்தினார். பூட்டு பெரிதாக இருந்தது. ஆனால் பாதிச் சாவிக்கே ‘சரி’ என்று பதில் சொல்லும் பூட்டாக இருந்தது.

ஊரறியப் பேசி இரகசியம் காத்தல்

அப்படியானால், எல்லாரும் கேட்டுக்கொண்டிருக்கும் வெளியில் இருவர் எவ்வாறு ஓர் இரகசியத்தை உண்டாக்க முடியும்? இயலாத காரியமாகத் தோன்றும் இதனை 1976-ஆம் ஆண்டில் விட்பீல்டு டிபி, மார்ட்டின் ஹெல்மன் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் கணிதத்தால் இயலும் என்று காட்டினர். ஆறாம் ஆண்டு மாணவர்கள் பெருக்கலும் வகுத்தலும் மட்டும் கொண்டே இதனைச் செய்து பார்க்கலாம்.

வள்ளியும் கதிரவனும் திடலின் இரு கோடிகளில் நிற்கிறார்கள் எனக் கொள்வோம். அவர்கள் பேசுவதைத் திடலில் உள்ள அனைவரும் கேட்கலாம். “2-ஐப் பெருக்குவோம், 11-ஆல் வகுத்து மீதியை எடுப்போம்” என்று இருவரும் உரக்கப் பேசிக்கொள்கின்றனர்.

வள்ளி தன் மனத்திற்குள் 3 என்று நினைத்துக்கொள்கிறாள். மூன்று இரண்டுகளைப் பெருக்கினால் 8. அதை 11-ஆல் வகுத்தால் மீதி 8. “எட்டு” என்று கூவுகிறாள். கதிரவன் 4 என்று நினைத்துக்கொள்கிறான். நான்கு இரண்டுகளைப் பெருக்கினால் 16. அதை 11-ஆல் வகுத்தால் மீதி 5. “ஐந்து” என்று கூவுகிறான்.

இப்போது வள்ளி, தான் கேட்ட 5-ஐத் தன் இரகசிய எண்ணாகிய மூன்று முறை பெருக்குகிறாள். 5 × 5 × 5 = 125. அதை 11-ஆல் வகுத்தால் மீதி 4. கதிரவன், தான் கேட்ட 8-ஐ நான்கு முறை பெருக்குகிறான். 8 × 8 × 8 × 8 = 4,096. அதை 11-ஆல் வகுத்தால் ஈவு 372, மீதி 4. இருவருக்கும் 4 கிடைத்துவிட்டது! ஆனால் 4 என்ற எண்ணை இருவருமே வாய்விட்டுச் சொல்லவில்லை. திடலில் நின்றவர்கள் கேட்டவை 2, 11, 8, 5 என்பன மட்டுமே.

இவ்வளவு சிறிய எண்களாக இருந்தால் கெட்டிக்காரன் ஒருவன் தாளும் பென்சிலும் கொண்டு இரகசியத்தைக் கண்டுபிடித்துவிடுவான். எண்கள் மிகப் பெரியனவானால் அது நடைமுறையில் இயலாது. 2007-இல் வெளிவந்த புளூடூத் 2.1 முதல் இதே கருத்தைச் சற்று வேறுபட்ட கணிதத்தில் அமைத்துப் பயன்படுத்துகிறார்கள். இன்றைய முறையில் வரும் எண்கள் 78 இலக்கங்கள் வரை நீளக் கூடியவை. ஒளிந்திருந்து கேட்பவனை இக்கணக்கு தோற்கடித்துவிட்டது.

நடுவில் நிற்பவன்

கேட்பவன் தோற்றான், ஆனால், நடுவில் புகுந்து நடிப்பவன் தோற்கவில்லை. வள்ளியின் “எட்டு” என்னும் குரல் கதிரவனை எட்டாமல் மூன்றாமவன் ஒருவன் தடுத்துவிட்டு, தான் ஓர் எண்ணைக் கூவினால் என்ன ஆகும்? கதிரவன் அதை வள்ளியின் எண்ணென்றே எண்ணுவான். அவ்வாறே வள்ளியிடமும் அவன் கதிரவனாக நடிப்பான். வள்ளியோடு ஒரு சாவியும் கதிரவனோடு ஒரு சாவியும் அவனுக்குக் கிடைத்துவிடும். ஒருவர் பேசுவதைத் திறந்து படித்து, மீண்டும் பூட்டி மற்றவரிடம் சேர்ப்பான். இருவரும் நேரே பேசுவதாகவே நினைத்துக்கொண்டிருப்பர்.

கணக்கில் பிழையில்லை, ஆள்தான் மாறிவிட்டது. எவ்வளவு பெரிய எண்ணும் ‘நீ யார்?’ என்ற கேள்விக்குத் தானே பதில் சொல்லாது. இவ்விடத்தில்தான் மனிதனின் கண் தேவைப்படுகிறது.

கைத்தொலைபேசியைக் கணினியோடோ வாகனத்தோடோ இணைக்கும்போது, இரு திரைகளிலும் ஆறிலக்க எண் ஒன்று தோன்றி, ‘இரண்டும் ஒன்றா?’ என்று கேட்பதைப் பார்த்திருப்பீர்கள். பலர் அதைத் தொல்லை என்று எண்ணிப் பாராமலே ‘ஆம்’ என்று தட்டிவிடுகின்றனர். அந்த எண், இரு கருவிகளும் தாம் பேசியவற்றையும் கேட்டவற்றையும் சேர்த்துத் தனித்தனியே கணக்கிட்டுக் காட்டும் எண்ணாகும். இடையில் எவரும் இல்லையென்றால் இரு திரைகளிலும் ஒரே எண் வரும். இடையில் ஒருவன் புகுந்திருந்தால் இரண்டும் வேறுபடும். தற்செயலாக ஒத்துப்போவதற்குப் பத்து இலட்சத்தில் ஒரு வாய்ப்பே உண்டு.

அறிஞர்கள் பல ஆண்டுகள் உழைத்து அமைத்த காவலின் கடைசிக் கதவை நம் கையில் கொடுத்திருக்கிறார்கள். அக்கதவைப் பூட்டுவதற்குப் பட்டப்படிப்பு வேண்டியதில்லை. ஆறு இலக்கங்களை வாசித்து ஒப்பிடத் தெரிந்தால் போதும். முதலாம் ஆண்டு மாணவனும் செய்யக்கூடிய வேலை அது.

விசைப்பலகையை இணைக்கும்போது முறை சற்று மாறும். திரையில் தோன்றும் ஆறிலக்க எண்ணை அந்த விசைப்பலகையிலேயே தட்ட வேண்டும். கருவிகளை ஒன்றோடொன்று ஒட்டிப் பிடித்துச் சாவியை மாற்றிக்கொள்ளும் முறையும் உண்டு. அது சில சென்டிமீட்டர் தொலைவே எட்டும். வாத்துக் குஞ்சைத் தொட்டுத் தாயாகும் வழி அதுவே.

ஆனால் ஒலிபெருக்கிக்கும் காதில் மாட்டும் இயர்போனுக்கும் திரை ஏது? அவற்றில் எண்ணைக் காட்ட வழியில்லை. எனவே அவை எதையும் ஒப்பிடச் சொல்லாமல் இணைந்துவிடுகின்றன. ஒளிந்து கேட்பவனிடமிருந்து இம்முறை காக்கும். நடுவில் புகுந்து நடிப்பவனிடமிருந்து காக்காது. இங்கு நமக்குள்ள காவல், இணைக்கும் இடத்தைத் தேர்ந்தெடுப்பதே. அத்தகைய கருவிகளைப் பேருந்து நிலையத்திலும் திருவிழாக் கூட்டத்திலும் முதன்முதலாக இணைக்காமல், வீட்டிலேயே இணைப்பது நலம்.

‘ஆம்’ என்னும் ஒரு சொல்

2004-ஆம் ஆண்டு சூன் மாதத்தில் ‘கேபிர்’ என்னும் தீநிரல் ஒன்று கண்டறியப்பட்டது. அது அக்காலத்துக் கைத்தொலைபேசிகள் சிலவற்றில் புளூடூத் வழியே பரவியது. அது எந்தப் பூட்டையும் உடைக்கவில்லை. ‘செய்தி வந்துள்ளது, பெறலாமா?’ என்று கேட்டது, அவ்வளவே. ‘வேண்டாம்’ என்று சொன்னால் மீண்டும் கேட்டது. அருகிலேயே இருக்கும்வரை திரும்பத் திரும்பக் கேட்டது. தொல்லை தாங்காமல் ‘ஆம்’ என்று அழுத்தியவர்களின் கைத்தொலைபேசிக்குள் அது குடிபுகுந்தது. 2005-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி நகரில் உலகத் திடல்தட விளையாட்டுப் போட்டி நடந்தபோது, அரங்கில் நெருக்கமாக அமர்ந்திருந்த பார்வையாளர்களிடையே அது பரவியது. ஓடுபவர்களைப் பார்க்க வந்தவர்கள் தம் பைக்குள் ஓடிய திருடனைப் பார்க்கவில்லை.

இது பழைய கதை என்று தள்ளிவிட இயலாது. 2023-ஆம் ஆண்டு இறுதியில் வேறொரு குறை வெளிப்பட்டது. பலவகைக் கைத்தொலைபேசிகளிலும் கணினிகளிலும், போலி விசைப்பலகை ஒன்று உரிமையாளரின் இசைவு இல்லாமலே இணைந்து எழுத்துகளைத் தட்டக்கூடும் என்று தெரிந்தது. ஆண்ட்ராய்டு கைத்தொலைபேசிகளில் புளூடூத் திறந்திருந்தாலே அதற்குப் போதுமானதாக இருந்தது. உடனே திருத்தங்கள் வெளியிடப்பட்டன. ஆயினும் மிகப் பழைய பதிப்புகளுக்கு அத்திருத்தம் வரவில்லை. முதல் நிகழ்ச்சியில் மனிதன் ஏமாந்தான். இரண்டாவதில் பொறி ஏமாந்தது. இரண்டிலும், தேவையில்லாதபோது புளூடூத்தை அணைத்து வைத்திருந்தவர் தப்பினார்.

நாம் கைக்கொள்ள வேண்டியவை

முதலாவது, நாம் தொடங்காத இணைப்புக்கு ஒருபோதும் இசைவு தரக் கூடாது. திரையில் திடீரென்று ‘இணைக்கலாமா?’ என்ற கேள்வி வந்தால், ‘நாம் இப்போது எதையாவது இணைக்க முயன்றோமா?’ என்று நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். முயலவில்லையென்றால் விடை ‘வேண்டாம்’ என்பதே. மீண்டும் மீண்டும் கேட்டால் புளூடூத்தை அணைத்துவிட்டு அவ்விடத்தை விட்டு நகரலாம்.

இரண்டாவது, எண் தோன்றினால் இரு திரைகளையும் பார்த்து ஆறு இலக்கங்களையும் வாய்விட்டு வாசித்து ஒப்பிட வேண்டும். முதல் இரண்டு ஒத்திருக்கின்றன என்று நிறுத்திவிடக் கூடாது. இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை: இணைசேர்க்கும் எண் வேறு, வங்கியோ பிற நிறுவனமோ குறுஞ்செய்தியில் அனுப்பும் எண் வேறு. முன்னது நம் கையிலுள்ள இரு கருவிகளின் திரையில் தோன்றுவது. பின்னதை எவர் கேட்டாலும் சொல்லவே கூடாது. உண்மையில் இரண்டையுமே தொலைபேசியில் அழைத்துக் கேட்பவரிடம் சொல்ல வேண்டிய தேவை ஒருநாளும் வராது.

மூன்றாவது, கைமாறும் பொருளின் நினைவை நீக்க வேண்டும். இரவல் கொடுத்த ஒலிபெருக்கி, விற்கும் கைத்தொலைபேசி, வாடகைக்கு எடுத்த வாகனம் ஆகியவை நம்மை நினைவில் வைத்திருக்கும். வாகனத்தோடு கைத்தொலைபேசியை இணைக்கும்போது இசைவு கொடுத்தால் நம் தொலைபேசி எண் பட்டியல் அவ்வாகனத்திற்குச் சென்றுவிடும். ஆகவே திருப்பிக் கொடுக்குமுன் அதன் பட்டியலிலிருந்து நம் பெயரை நீக்கிவிட வேண்டும். பழைய பொருளை வாங்கும்போதும் அதைத் தொழிற்சாலை நிலைக்குக் கொண்டுவந்து, வாத்துக் குஞ்சை மீண்டும் பிறக்கச் செய்த பின்னரே பயன்படுத்த வேண்டும்.

நான்காவது, கைத்தொலைபேசி கேட்கும் மென்பொருள் திருத்தங்களைத் தள்ளிப்போடாமல் ஏற்க வேண்டும். புளூடூத் தேவைப்படாத நேரத்தில் அதை அணைத்துவைக்க வேண்டும். வீட்டைவிட்டுப் புறப்படும்போது கதவைச் சாத்துவதற்கு நமக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை அல்லவா?

மாணவச் செல்வங்களே, இறுதியாக உங்களிடம் ஒரு வேண்டுகோள். நம் தோட்டத்தில் பாட்டிமார் சிலருக்கு எழுத்து வாசனை கிட்டவில்லை. அவர்கள் பள்ளிக்கு வர வேண்டிய வயதில் பால்வாளி தூக்கிக் காட்டுக்குப் போனவர்கள். இன்று அவர்கள் கையிலும் பேரன் வாங்கிக் கொடுத்த கைத்தொலைபேசி இருக்கிறது. அது ஏதோ கேட்கும்போது, என்ன கேட்கிறது என்று புரியாமல், ‘சரி’ என்று தோன்றும் இடத்தைத் தொட்டுவிடுகிறார்கள். தவறு அவர்களுடையதன்று. அத்திரையில் இருப்பதை வாசித்துச் சொல்ல வீட்டில் ஒரு பிள்ளை முன்வந்தால் போதும்.

“பாட்டி, பொறுங்கள். நான் வாசிக்கிறேன்” என்று சொல்லுங்கள். ஆறு இலக்கங்களையும் ஒவ்வொன்றாக உரக்க வாசியுங்கள். அவரையும் உடன் எண்ணச் சொல்லுங்கள். ஒத்திருந்தால் அவர் விரலாலேயே ‘ஆம்’ என்று தொடச் செய்யுங்கள். ஒத்திராவிட்டால் ‘வேண்டாம்’ என்று காட்டுங்கள். இப்பள்ளியில் நீங்கள் கற்ற எழுத்தும் எண்ணும் உங்கள் குடும்பத்தின் வாசலைக் காக்கும் காவலாகட்டும்.

நமது ஒலிபெருக்கியின் நினைவை அன்று மாலையே நீக்கிவிட்டோம். விழாவன்று கும்மிப் பாட்டு, கும்மிப் பாட்டாகவே ஒலித்தது.